சின்ன முள்ளின் வால்

காலை 8 மணி 10 நிமிடம். கல்லில் முதல் தோசையை ஊற்றியிருந்தேன். தோசை என்று நானாகச் சொல்லிக்கொள்வதுதான். அது தெஃப் என்ற தானியத்தின் மாவு, எத்தியோப்பியாக்காரர்கள் இன்ஜெரா என்ற ரொட்டி சுடுவதற்குக் கரைப்பது. கொஞ்சம் நீர்க்கக் கரைத்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் கேழ்வரகு தோசை மாதிரி இருக்கும். அப்போது போன் அடித்தது. பேசியது என் வகுப்பின் தலைவன்.

"டீச்சர், எல்லோரும் வந்து உட்கார்ந்தாயிற்று. நீங்கள் எங்கே?"

"எதற்கு?"

"டெஸ்ட், டீச்சர்."

வியாழக்கிழமை டெஸ்ட் என்று நான்தான் சொல்லியிருந்தேன். போர்டில் என் கையாலேயே "2:00" என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தேன். வினாத்தாளை இன்னும் பிரிண்ட் எடுக்கவில்லை. மத்தியானம்தானே, 11 மணிக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

"போர்டில் 2 மணி என்றுதானே எழுதியிருக்கிறேன்?"

"ஆமாம் டீச்சர். இப்போது 2:10."

2012 அக்டோபர். எத்தியோப்பியாவின் பஹிர் தார் நகரில் நூற்பு பாடம் நடத்த நான் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அங்கே அப்போது 2005ஆம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது என்பது வேறு கதை. அவர்கள் காலண்டர் நம்முடையதற்கு 7, 8 வருடம் பின்னால் ஓடுவது. 30 நாளில் 12 மாதம், கடைசியில் 5 அல்லது 6 நாளுக்கென்று ஒரு குட்டி மாதம். காலண்டர் விஷயத்தை முதல் நாளே யாரோ சொல்லி எச்சரித்துவிட்டார்கள். கடிகாரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சொல்ல வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றியிருக்காது. காலையில்தான் சூரியன் உதிக்கும் என்று யாராவது விருந்தாளிக்கு எடுத்துச் சொல்வார்களா?

தோசையை அப்படியே விட்டுவிட்டு ஒரு பஜாஜைப் பிடித்து ஓடினேன். ஆட்டோவுக்கு அங்கே பெயரே பஜாஜ்தான். போன இடத்தில் கரண்ட் இல்லை. கேள்விகளைப் போர்டில் எழுதிப் போட்டு டெஸ்ட் நடத்தினேன். 46 பேரும் அவ்வளவு மரியாதையாக முகத்தை வைத்துக்கொண்டு எழுதினார்கள். சிரித்துத் தொலைத்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கணக்கு என்னவோ சுலபம்தான். பொழுது விடிவது 12 மணி. நாம் காலை 7 என்பது அவர்களுக்கு 1. நம் 8 அவர்களுக்கு 2. உச்சிவேளை 6 மணி. பொழுது சாயும்போது மறுபடி 12. இரவு நம் 7 மணிக்கு இரவின் 1 மணி தொடங்கும். நடுநிசி இரவு 6 மணி. மணி, கடிகாரம் இரண்டுக்கும் அம்ஹாரிக் மொழியில் ஒரே சொல், ஸாத். முன்னாலோ பின்னாலோ காலையா, மாலையா, இரவா என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வார்கள். தூரத்துக்குப் போகிற பஸ் இரவு 11 மணிக்குப் புறப்படும் என்றால் அது விடிகாலை 5 மணி. இது தெரியாமல் முந்தின நாள் ராத்திரி 11 மணிக்குப் பெட்டியோடு போய் பஸ் ஸ்டாண்டில் நின்ற வெளிநாட்டுக்காரர்கள் நிறைய. நான் டெஸ்ட்டோடு தப்பித்தேன்.

எங்கள் துறை அலுவலகத்தில் இருந்த அம்மாள்தான் எனக்கு அந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுத்தாள். யார் நேரம் சொன்னாலும் உடனே கேட்க வேண்டும்: ஹபேஷா நேரமா, ஃபெரென்ஜ் நேரமா? ஹபேஷா என்றால் அவர்கள். ஃபெரென்ஜ் என்றால் வெளிநாட்டுக்காரர்கள், முக்கியமாக வெள்ளைக்காரர்கள். நம் பறங்கி இருக்கிறதே, பறங்கிப்பேட்டை, பறங்கிக்காய், அதே சொல்தான். பிராங்க் என்ற ஐரோப்பிய இனப்பெயர் அரபுக்காரர்கள் வாயில் புகுந்து புறப்பட்டு அங்கே ஃபெரென்ஜ், இங்கே பறங்கி. சேலம் இளம்பிள்ளையில் தறிச்சத்தத்தில் வளர்ந்தவளைத் தெருப்பிள்ளைகள் பறங்கி என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடி வருவதைக் கேட்டால் எங்கள் அம்மா என்ன சொல்லியிருப்பாளோ.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் போட்டேன். நமக்கும் அவர்களுக்கும் 2½ மணி நேர வித்தியாசம். அப்பா தறியை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்.

"அப்பா, இங்கே காலைல 7 மணிய 1 மணிங்கறாங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "உதயத்துல இருந்து எண்றாங்களா?"

"ஆமாங்ப்பா."

"அப்புறம் அதுல என்ன கண்ணு அதிசயம்? அதுதானே முறை."

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகலெல்லாம் தறிக்குழியில் இருப்பார். பொழுது சாய்ந்ததும் முகம் கழுவி, விபூதி பூசி, திண்ணையில் பஞ்சாங்கத்தோடு உட்காருவார். ஜாதகம் கணித்து எழுதிக் கொடுப்பார். பலன் சொல்ல மாட்டார். "கணக்கு என்னுது, பலன் அவனவனுது" என்பார். ஊரில் பிள்ளை பிறந்தால் ஒரு துண்டுச் சீட்டில் நேரத்தை எழுதிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அப்பா முதலில் செய்கிற வேலை, அந்த ஆஸ்பத்திரி நேரத்தை உதயாதி நாழிகையாக மாற்றுவது.

முறை இதுதான். அன்றைய சூரிய உதயத்திலிருந்து பிறந்த நேரம் வரை எவ்வளவு மணி என்று பார். அதை 2½ஆல் பெருக்கு. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு மணிக்கு இரண்டரை நாழிகை. பெருக்கல் வாய்ப்பாடெல்லாம் வேண்டாம். "ரெட்டிச்சுப் பாதியச் சேரு" என்பார். நான் பிறந்தது விடிகாலை 3:40. அந்தப் புதன்கிழமை சூரிய உதயம் 6:10. இடையில் 21½ மணி. இரட்டித்தால் 43. 21½இல் பாதி 10¾. கூட்டினால் 53¾. ஆக என் ஜாதகத்தில் உதயாதி நாழிகை 53, வினாடி 45.

கவனித்தீர்களா, புதன்கிழமை என்றேன். 3:40 என்றால் ஆஸ்பத்திரிச் சீட்டில் வியாழக்கிழமை ஆகிவிட்டது. அப்பாவின் கணக்கில் சூரியன் இன்னும் வரவில்லை, அதனால் அது புதன்கிழமையின் பின்னிரவுதான். பள்ளிக்கூடத்தில் வியாழக்கிழமைக்காரி, வீட்டில் புதன்கிழமைக்காரி என்று இரண்டாக வளர்ந்தேன். பஹிர் தாரில் ஒரு தோழியிடம் இதைச் சொன்னபோது அவளுக்கு என் குழப்பம் பிடிபடவே இல்லை. "இரவு 9:40. புதன் இரவு. இதிலென்ன?" என்றாள். அவர்களுக்கும் விடிந்தால்தான் மறுநாள். நடுராத்திரியில் எல்லோரும் தூங்கும்போது யாருக்கும் தெரியாமல் தேதி மாறுவதுதான் அவளுக்கு விசித்திரமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் எனக்கும்.

நாழிகையால் நான் பட்ட முதல் அடி அதற்கெல்லாம் முன்னால். மூன்றாம் வகுப்பில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை வினாடி என்று கேட்டார்கள். இரண்டரை என்றேன். வகுப்பே சிரித்தது, முட்டி போட்டேன். ஆனால் நான் சொன்னது தப்பில்லை. ஒரு நாழிகைக்கு 60 வினாடி, 24 நிமிடத்துக்கு 60 வினாடி என்றால் நிமிடத்துக்கு இரண்டரைதானே? பழைய வினாடி 24 செகண்ட் நீளம். இங்கிலீஷ் கடிகாரம் வந்தபோது செகண்டுக்கு ஒரு தமிழ்ச் சொல் தேவைப்பட்டது. வினாடியைப் பிடித்து 24இல் ஒரு பங்காகச் சுருக்கி அதில் உட்கார வைத்துவிட்டார்கள். நிமிஷத்துக்கு நடந்தது நேர் எதிர். வடமொழியில் நிமிஷம் என்றால் கண் இமைக்கும் பொழுது. அந்த ஒரு இமைப்பை இழுத்து இழுத்து 60 செகண்டுக்கு நீட்டியாயிற்று. நொடி மட்டும் தன் அளவில் ஏறக்குறைய நிற்கிறது. விரலைச் சொடுக்குகிற நேரம். கண்ணிமை, நொடி இரண்டையும் எழுத்தின் மாத்திரைக்கு அளவாகத் தொல்காப்பியம் சொல்கிறது. இன்றைக்கு "ஒரு நிமிஷம், வந்துடறேன்" என்று போகிறவர்கள் எந்த நிமிஷத்தைச் சொல்கிறார்கள் என்பதை அவரவர் அனுபவத்துக்கு விட்டுவிடுகிறேன்.

மணி என்ற சொல்லும் அளவே இல்லை, ஒரு பொருள். யாரோ மணி அடித்தார்கள், நாம் எண்ணினோம். "மணி எத்தனை?" என்றால் எத்தனை அடி அடித்தது என்றுதான் கேள்வி. இங்கிலீஷில் கிளாக் என்பதும் மணியைக் குறிக்கிற ஒரு பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். நாழிகைக்கோ தண்ணீர் சம்பந்தம். அடியில் ஊசி ஓட்டை போட்ட வட்டில், அதில் நீர் ஏறியோ ஒழுகியோ நேரம் அளந்தது. முல்லைப்பாட்டில் அரசன் பாசறையில் இருக்கிறான். நேரம் பார்த்துச் சொல்வதற்கென்றே ஆட்கள் வந்து, உன் குறுநீர்க் கன்னலில் இவ்வளவு நாழிகை ஆயிற்று என்று அறிவிக்கிறார்கள். அவர்களுக்குப் புலவர் கொடுக்கிற பெயர் "பொழுது அளந்து அறியும் பொய்யா மாக்கள்". பொய் சொல்லாதவர்கள். அப்பாவுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும். மக்கள் என்று சொல்லாமல் மாக்கள் என்றது ஏன் என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை.

பஹிர் தாருக்கு வருகிறேன். ஊர் தானா ஏரிக்கரையில் இருக்கிறது. நீல நைல் அந்த ஏரியிலிருந்துதான் புறப்படுகிறது. அவர்கள் அதை அபாய் என்பார்கள். மாலை வகுப்பு முடிந்ததும் கரையில் போய் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அட்லஸைப் புரட்டியபோது கண்ணில் பட்டது: பஹிர் தார் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11.6 பாகை. சேலமும் ஏறக்குறைய அதே 11.6. ஒரே கோடு. கிழக்கே நூல் பிடித்துக்கொண்டு போனால் ஏடன் வளைகுடாவையும் அரபிக்கடலையும் தாண்டி எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் போய்விடலாம் போல இருந்தது.

அப்போதுதான் இரண்டு ஊரிலும் உதயத்திலிருந்து எண்ணுவது ஏன் செல்லுபடியாகிறது என்று புரிந்தது. பஞ்சாங்கத்தில் அகஸ் என்று ஒரு கட்டம் உண்டு. அன்றைய பகல் எத்தனை நாழிகை என்பது அதில் இருக்கும். எங்கள் கோட்டில் அகஸ் வருடம் முழுக்கச் சுமார் 28½ நாழிகையிலிருந்து 32க்குள்தான் ஏறி இறங்கும். நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் மணிக்கணக்கில் 1 மணி 20 நிமிடம் வித்தியாசம், அவ்வளவுதான். விடிவது 12, சாய்வது 12 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்; கொஞ்சம் முன்பின் இருந்தாலும் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஸ்வாஹிலி பேசுகிறவர்களும் இப்படித்தான் எண்ணுகிறார்கள், காலை 7 அவர்களுக்கும் 1. லண்டனில் இது நடக்குமா? ஜூனில் பகல் 16 மணிக்கு மேல், டிசம்பரில் 8 மணிகூட இல்லை. உதயத்தை நம்பினால் பிழைப்பு நாறிவிடும்.

ஆனாலும் 12 என்ற எண் நைல் நதி போகிற திசையில்தான் பிறந்தது. பழைய எகிப்தியர்கள் இரவில் வரிசையாக எழும் நட்சத்திரக் கூட்டங்களை வைத்து நேரம் பார்த்தார்கள். அப்படி மொத்தம் 36 கூட்டங்கள். கோடை இரவில் இருட்டுக்குள் 12 எழுவதைப் பார்க்க முடிந்தது. இரவுக்கு 12 பங்கு ஆயிற்று. பகலை நிழலால் 10 ஆக்கி, விடிகாலைக்கு 1, அந்திக்கு 1 சேர்த்து அதையும் 12 ஆக்கினார்கள். பங்குகள் சமமாக இருந்தாக வேண்டும் என்று அவர்களுக்குக் கவலை இல்லை. கோடையில் பகலின் ஒரு பங்கு நீளும், குளிரில் சுருங்கும். கர்னாக் கோயிலில் கிடைத்த ஒரு தண்ணீர்க் கடிகாரம் மூன்றாம் ஆமென்ஹோதெப் என்ற அரசன் காலத்தது, 3300 வருடத்துக்கு மேல் பழையது. பூந்தொட்டி மாதிரி ஒரு கல் பாத்திரம். உள்பக்கம் மாதத்துக்கு ஒரு வரிசையாக 12 வரிசைப் புள்ளிகள். எந்த மாதமோ அந்த வரிசையைப் பார்த்துக்கொள்ள வேண்டியது. நம் வட்டிலுக்கு ஒரு பெரியப்பா.

பிறகு கிரேக்க வானியல்காரர்கள் வேலைக்குத் தோதாக 24 பங்கையும் சமமாக்கினார்கள். உள்ளே பிரிக்க பாபிலோனியர்களின் 60ஐ எடுத்துக்கொண்டார்கள். முதல் தடவை 60ஆகப் பிரித்தது முதல் சிறு கூறு, மறுபடி பிரித்தது இரண்டாம் சிறு கூறு. லத்தீனில் அப்படித்தான் பெயர் வைத்தார்கள். இங்கிலீஷில் செகண்ட் என்றால் இரண்டாவது என்று பொருள், எதில் இரண்டாவது என்று நான் ரொம்ப நாள் யோசித்ததுண்டு. ஆனால் ஜனங்கள் சமமான மணிக்கு மாற நிறைய நூற்றாண்டு ஆயிற்று. ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டில் பல்சக்கரக் கடிகாரம் கோபுரங்களில் ஏறிய பிறகுதான். பல்சக்கரத்துக்குக் கோடை என்றும் குளிர் என்றும் தெரியாது.

10, 100 என்று அழகாக மாற்றிவிடலாம் என்று பிரெஞ்சுக்காரர்கள் புரட்சியின்போது பார்த்தார்கள். 1793இல் சட்டம் போட்டு நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம், நிமிடத்துக்கு 100 செகண்ட். இரண்டு வருடம்கூட ஓடவில்லை. இதில் எனக்குப் பிடித்த இடம் எது என்றால், 1795 ஏப்ரலில் மீட்டர், கிராம் எல்லாவற்றையும் நிலைநாட்டிய அதே சட்டம்தான் அந்த 10 மணிக் கடிகாரத்தை நிறுத்தியும் வைத்தது. நீளமும் எடையும் மசிந்தன, நேரம் மசியவில்லை. நான் நூல்காரி, எனக்கு இதில் ஆச்சரியம் கிடையாது. 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் இருக்கிறதோ அதுதான் நூலின் கவுண்ட். டெக்ஸ் என்ற மெட்ரிக் அளவைப் பாடப்புத்தகத்தில் நடத்துவேன்; நடத்தி முடித்த கையோடு "சரி, இது 40ஆம் நம்பரா, 60ஆம் நம்பரா?" என்றுதான் கேட்பேன். இளம்பிள்ளையிலும் அப்படித்தான், பஹிர் தார் மில்லிலும் அப்படித்தான்.

இதற்கிடையில் என் ராகு காலப் பிரச்சினை ஒன்று. அடுத்த செப்டம்பர் கடைசியில் ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை. அம்மாவிடம் உளறிவிட்டேன். திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா என்று வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தால் செவ்வாய்க்கு 3 முதல் 4½. அம்மா கட்சி, ராகு என்பது நம் ஊர் ராகு, அதனால் நம் ஊர் 3 மணிதான் கணக்கு. அதாவது எனக்கு 12½ முதல் 2 வரை ஆகாது. காலண்டர் கட்சி, எங்கே இருந்தாலும் கடிகாரத்தில் 3 முதல் 4½. அப்பா இரண்டையும் ஒப்பவில்லை. "6 மணிக்கு உதயம்னு வச்சுக்கிட்டுப் போட்டது அது. உங்க ஊர்ல உதயம் எப்போ?" 6:20 என்றேன். அஸ்தமனம்? அதுவும் 6:20. "அகஸ எட்டாப் பிரி, செவ்வாய்க்கு ஏழாவது பங்கு." 3:20 முதல் 4:50.

மூன்று பேருக்கும் பொதுவாக மத்தியானம் எனக்குக் கிடைத்தது 2 முதல் 3 வரை ஒரு மணி நேரம். 2½க்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். அலுவலக அம்மாள் பதிவேட்டில் 8:30 என்று எழுதிக்கொண்டாள்.

அந்த ஊரில் ஒன்பதாம் மணியைப் பற்றிய ஒரு விஷயமும் தெளிந்தது. பெரிய வெள்ளியன்று ஆறாம் மணி முதல் ஒன்பதாம் மணி வரை இருள் மூடியது என்று பைபிளில் வரும். சேலத்தில் என் கிறிஸ்தவத் தோழியின் சர்ச்சில் அன்றைக்கு 12 மணியிலிருந்து 3 மணி வரை மும்மணி தியானம் நடக்கும். ஆறிலிருந்து ஒன்பது என்று படித்துவிட்டு ஏன் 12க்கு உட்காருகிறீர்கள் என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். அவளுக்கும் தெரியவில்லை. பஹிர் தாரில் என் வீட்டுக்கார அம்மாள் பெரிய வெள்ளியன்று கோயிலுக்குப் போய் நாள் முழுக்க விழுந்து விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தாள். அவளிடம் இதே வசனத்தைக் கேட்டேன். அவளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஆறு மணி என்றால் உச்சி வெயில். அந்த நேரத்தில் இருட்டினால் பயமாக இருக்காதா, என்றாள். திராட்சைத் தோட்டத்துக்குப் பதினோராம் மணி வேளையில் வேலைக்கு வந்தவர்களுக்கும் முழுக்கூலி கிடைத்த கதையும் அப்படித்தான். 12 மணிக்குப் பொழுது சாய்ந்து வேலை முடியும். அவர்கள் செய்தது ஒரே ஒரு மணி நேரம்.

கடைசியாக, என்னை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்க விடாத கணக்கு. நம் பஞ்சாங்கத்தில் ஓரை என்று ஒன்று இருக்கிறது. நாளின் 24 மணிக்கும் மணிக்கு ஒரு கிரகம் அதிபதி. வரிசை சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன். வானத்தில் மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரை. உதயத்தில் எந்தக் கிரகத்தின் ஓரையோ அதன் பெயர்தான் அந்தக் கிழமைக்கு. ஞாயிறு உதயத்தில் சூரிய ஓரை. 24 ஓரை ஓடும். ஏழு ஏழாகத் தள்ளினால் 21 போக மீதி 3. சூரியனிலிருந்து மூன்று தள்ளு: சுக்கிரன், புதன், சந்திரன். திங்கள்கிழமை வந்துவிட்டது. சந்திரனிலிருந்து மூன்று: சனி, குரு, செவ்வாய். செவ்வாய்க்கிழமை. இப்படியே போனால் வாரம் முழுக்க வரும். ஞாயிறுக்குப் பிறகு ஏன் திங்கள் என்பதற்கு வேறு காரணம் கிடையாது, இந்த மீதி 3தான். இதைச் சின்ன வயதிலேயே அப்பா சொல்லியிருக்கிறார்.

பஹிர் தாரில் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு டெஸ்ட் பேப்பரின் பின்பக்கத்தில் சும்மா கிறுக்கிக்கொண்டிருந்தேன். நம் நாளுக்கு 24 இல்லையே, 60 நாழிகைதானே. நாழிகைக்கு ஒரு கிரகம் என்று நாமே வைத்திருந்தால் கிழமை எப்படி வந்திருக்கும்? 60இல் ஏழு ஏழாகத் தள்ளினால் 56 போக மீதி 4. சூரியனிலிருந்து நான்கு தள்ளினேன்: சுக்கிரன், புதன், சந்திரன், சனி. ஞாயிறுக்கு மறுநாள் சனி! சனியிலிருந்து நான்கு: குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன். வெள்ளி. அடுத்தது வியாழன். அடுத்தது புதன். வாரம் அப்படியே தலைகீழாகப் பின்னால் நடந்தது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மெழுகுவத்தி தீர்ந்தும் போட்டேன், மனசில்.

அப்படியானால் நம் கிழமை வரிசை நம் நாழிகையில் பிறந்ததே இல்லை. 24 மணி எண்ணிய யாரிடமிருந்தோ ஓரையோடு சேர்ந்து வந்திருக்கிறது. ஓரை, ஹோரை என்ற சொல்லே கிரேக்கம். இங்கிலீஷ் அவர், கிரேக்க ஹோரா, நம் ஓரை எல்லாம் ஒரே குடும்பம். இந்தியக் கல்வெட்டுகளில் கிழமையோடு தேதி வருகிற மிகப் பழையவற்றில் ஒன்று மத்தியப் பிரதேசத்து ஏரண் தூணில் இருக்கிறது, கி.பி. 484, ஒரு வியாழக்கிழமை. நாழிகை எண்ணிக்கொண்டிருந்த நாட்டில் கிழமை மட்டும் வேறு கடிகாரத்தின் பிள்ளை. அம்ஹாரிக்கில் இந்தக் குழப்பம் கிடையாது. அவர்கள் கிழமைப் பெயர்களில் கிரகமே இல்லை, புதனுக்கு நாலாவது, வியாழனுக்கு ஐந்தாவது என்கிற மாதிரிப் பெயர்கள்.

விடிந்ததும், அதாவது 12 மணிக்கு, அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். விரலில் எண்ணுகிற சத்தமில்லாத சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன்.

"ஆமா, தலைகீழாத்தான் வருது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நூலு கோயமுத்தூர்ல இருந்து வருது. சரிகை சூரத்துல இருந்து வருது. சேலை நம்ம சேலைதானே கண்ணு" என்றார். பிறகு, தறி காத்திருக்கிறது என்று வைத்துவிட்டார். எனக்கென்னவோ அவர் அன்று முழுக்க அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருப்பார் என்றுதான் சந்தேகம்.

2015இல் ஊருக்குத் திரும்பிவிட்டேன். வரும்போது கொண்டு வந்தவற்றில் உருப்படியானது என் அறைச் சுவரில் இருந்த ஒரு கடிகாரம். அதன் சின்ன முள்ளுக்குப் பின்பக்கம் நீண்ட வால் உண்டு. அங்கே போய் ஆறு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்: முள்ளின் நுனி ஃபெரென்ஜ் நேரத்தைக் காட்டினால் வால் ஹபேஷா நேரத்தைக் காட்டுகிறது. இரண்டுக்கும் 6 மணிதானே வித்தியாசம், 6 என்றால் எதிர்ப்பக்கம். நுனி 8இல் இருந்தால் வால் 2இல். இதை முதல் வாரமே பார்த்திருந்தால் அந்த டெஸ்ட்டுக்கு ஒழுங்காகப் போயிருப்பேன். இப்போது அது எங்கள் திண்ணைச் சுவரில் மாட்டியிருக்கிறது. அப்பா அதில் வாலைத்தான் பார்க்கிறார். "உதயமாகி மூணரை மணி. ரெட்டிச்சுப் பாதி, எட்டே முக்கால் நாழிகை" என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொள்வார்.

போன மாதம் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சனிக்கிழமை விடிகாலை 2:50. அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கணக்குப் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை உதயம் 6:05, இடையில் 20¾ மணி, உதயாதி நாழிகை 51, வினாடி 52½. நான் சந்தோஷத்தில் படமெடுத்து, பஹிர் தாரில் அன்றைக்கு எனக்குப் போன் போட்டானே அந்த வகுப்புத் தலைவன், அவனுக்கு டெலிகிராமில் அனுப்பினேன். சனிக்கிழமை அதிகாலை 2:50க்குப் பிறந்தாள் என்று எழுதினேன். அவன் இப்போது ஒரு மில்லில் சூபர்வைசர், அவனுக்கே இரண்டு பிள்ளைகள்.

பதில் உடனே வந்தது. "வாழ்த்துகள் டீச்சர். வெள்ளிக்கிழமை இரவு 8:50. அழகான நேரம்."

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கையில் வாங்கி அவரே ஒரு தடவை பார்த்தார். இங்கிலீஷ் எழுத்து அவருக்குப் பாதிதான் ஓடும், எண் ஓடும்.

"பையன் சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார். "சர்டிபிகேட்லதான் கிழமைய மாத்தி எழுதிட்டாங்க."